தண்ணீர் வராத நாட்களின் கொசு

எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் திட்டு வாங்குவது பந்தல்குடி வாய்க்கால்தான். மதுரையில் செல்லூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வாய்க்காலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழைநீரைக் கொண்டுபோய் வைகையில் சேர்க்க வேண்டிய வாய்க்கால், இன்று வீடுகளின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு போகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் சன்னலைத் திறந்துவிட்டால் போதும், வீடு முழுக்கக் கொசு. அந்த வாய்க்கால் மேல் வரும் கோபம் நியாயமான கோபம். அதைத் தூர்வார வேண்டும், கழிவுநீரை அதில் விடுவதை நிறுத்த வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நம் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிற டெங்குக் கொசு, பெரும்பாலும் அந்த வாய்க்காலில் பிறப்பதில்லை. அது பிறக்கிற இடம் நம் வீட்டுக்குள், நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைத்திருக்கிற நல்ல தண்ணீரில். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறேன். கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதில் பிள்ளைகளுக்குப் பெரிய ஆர்வம் இருக்காது. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று நாலு படம், நாலு அம்புக்குறி, அவ்வளவுதான். ஆனால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் உயிருள்ள புழுக்களைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் மொத்த வகுப்பும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொள்ளும். புழு தலைகீழாகத் தொங்குவதையும், வால்பக்கம் இருக்கும் குழாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டி மூச்சு வாங்குவதையும், பாட்டிலைத் தட்டினால் நெளிந்துகொண்டே அடிக்குப் போவதையும் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. அந்தப் பாட்டிலைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முதலில் எட்டிப் பார்ப்பது தங்கள் வீட்டு டிரம்மைத்தான்.

மதுரையில் கொசு என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு தண்ணீர். ராத்திரி காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். அது தேடிப் போவது அழுக்குத் தண்ணீரை. சாக்கடை, தேங்கிய வாய்க்கால், மூடியில்லாத கழிவுத்தொட்டி இவைதான் அதற்குப் பிடித்தவை. நூறு, இருநூறு முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தெப்பமாக நீர்மேல் மிதக்க விட்டுவிட்டுப் போய்விடும். யானைக்கால் நோயைப் பரப்புவது இந்த வகை. கிருதுமால் நதி என்று பெயர் தாங்கி நகருக்குள் ஓடும் சாக்கடையின் இரு கரைகளிலும் வாழ்பவர்களுக்கு இதன் தொல்லை தெரியும்.

2011-இல் மாநகராட்சியின் 72 வார்டுகள் 100 ஆயின. அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் எல்லாம் நகரோடு சேர்ந்தன. வீடுகள் வேகமாக வந்தன, பாதாளச் சாக்கடை அந்த வேகத்தில் வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அந்தத் தொட்டிக்கு மேலே நிற்கும் காற்றுக்குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் வாயில் வலை இல்லையென்றால் அது கொசு போய்வரும் வாசல். கியூலெக்ஸும் அதில் வளரும், ஆர்மிஜெரஸ் என்ற உருவில் பெரிய இன்னொரு கொசுவும் வளரும். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலில் சுருக்கென்று குத்தும் பெரிய கொசு அநேகமாக அதுவாக இருக்கும். ஒரு கையளவு நைலான் வலையும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் இருந்தால் அந்த வாசலை அடைத்துவிடலாம். இவ்வளவு மலிவான வேலை பாதி வீடுகளில் நடக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வைகையில் யானைக்கல் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் பல மாதங்களில் தண்ணீர் தெரியாது, ஆகாயத்தாமரைதான் தெரியும். அதற்குக் கீழே வாழ்வதற்கென்றே ஒரு கொசு இருக்கிறது, மான்சோனியா. மற்ற புழுக்கள் எல்லாம் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மான்சோனியாவின் புழு வருவதில்லை. தன் மூச்சுக்குழாயை நீர்த்தாவரத்தின் வேருக்குள் குத்தி வைத்துக்கொண்டு, வேருக்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொள்ளும். மேலே எண்ணெய் ஊற்றினாலும் அது சாகாது. அந்தச் செடியை வாரி எடுத்துக் கரையில் போட்டால்தான் அதற்கு வழி இல்லாமல் போகும். ஆகாயத்தாமரையை அகற்றுவதை அழகுபடுத்தும் வேலையாக மட்டும் பார்ப்பது எவ்வளவு தவறு என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அனாபிலஸ் ஸ்டீபென்சி நகரத்து மலேரியாவின் கொசு. கிணறும் மொட்டைமாடித் தொட்டியும் அதன் இடம். அதன் புழுவுக்கு மூச்சுக்குழாய் கிடையாது, அதனால் நீர்மட்டத்தோடு மட்டமாகப் படுத்துக் கிடக்கும். 1897-இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டது அனாபிலஸ் இனத்துக் கொசு ஒன்றின் வயிற்றில்தான்.

சரி, இப்போது டெங்குக் கொசுவுக்கு வருகிறேன்.

ஏடிஸ் எஜிப்டி. கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள். பகலில் கடிக்கும். பொழுது விடிந்து ஓரிரு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் வேகம் அதிகம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் இருந்த தண்ணீர்ப் பீப்பாய்களோடு உலகமெல்லாம் போய்ச் சேர்ந்த இனம் இது. மனிதனை ஒட்டியே வாழப் பழகிவிட்டது. கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் கறுப்புத் துணிகளுக்குப் பின்னால், அலமாரி இடுக்கில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் அது பறப்பதில்லை. இதை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளையைக் கடித்த ஏடிஸ் அநேகமாக உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திலோ பிறந்தது. அரை மைல் தாண்டி இருக்கும் வாய்க்காலிலிருந்து அது வரவில்லை.

எங்கள் வார்டில் வீடு வீடாகப் புழு பார்க்க ஓர் அக்கா வருவார். தோளில் பை, கையில் டார்ச், நீளப் பிடி வைத்த ஒரு வெள்ளைக் கரண்டி. டிரம்முக்குள் டார்ச் அடித்தால் புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து சட்டென்று அடிக்கு இறங்கும். பார்க்காதவர்களுக்கு அது வெறும் தண்ணீர்தான். அக்கா கொஞ்ச நேரம் டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். மூச்சுக்கு அவை மேலே வந்துதானே ஆக வேண்டும். வந்ததும் ஓரமாகக் கரண்டியைச் சாய்த்து மொண்டு எடுப்பார். வெள்ளைக் கரண்டியில் எஸ் எழுத்தைப் போல் வளைந்து நெளிந்தால் ஏடிஸ் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது அவர்தான். நான் புத்தகத்தில் படித்ததை அவர் கண்ணால் படித்திருக்கிறார்.

ஒரு நாள் அவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீல டிரம்மைக் காட்டிச் சொன்னார், "டீச்சர், தண்ணிய ஊத்திட்டா மட்டும் போதாது. தண்ணிக்கு மேல சுவத்துல விரலை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒட்டி மேலே, பாசி படிந்த சொரசொரப்பில், கறுப்பாகப் பொடிப் பொடியாக ஏதோ தட்டுப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. சிந்திய கடுகுப் பொடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவைதான் ஏடிஸின் முட்டைகள். அது கியூலெக்ஸைப் போல முட்டைகளை நீர்மேல் விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். ஒரே பாத்திரத்தில் அத்தனையும் வைக்காது, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பல இடங்களில் வைத்துவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் சாவதில்லை. காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி வந்து நனைத்ததும் பொரியும். பொரித்த புழு, நம் ஊர் வெக்கைக்கு, ஏழிலிருந்து பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும்.

இப்போது நம் தெருக்களில் தண்ணீர் பிடிக்கும் முறையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. நல்ல காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கோடையில் மூன்று நாளைக்கு, நான்கு நாளைக்கு ஒரு முறை. வரும் நாளில் குடம், அண்டா, டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் விளிம்பு வரை நிரப்பி வைக்கிறோம். அப்புறம் நாள்பட நாள்பட மொண்டு செலவழிக்க நீர்மட்டம் இறங்குகிறது. ஈரச் சுவர் வெளியே தெரிகிறது. கொசு வந்து முட்டை வைக்கிறது. அடுத்த முறை தண்ணீர் வந்ததும் அடியில் கிடக்கும் இரண்டு குடம் தண்ணீரோடு மேலேயே பிடித்து நிரப்புகிறோம். முட்டைகள் நனைகின்றன, பொரிகின்றன. நிரம்புவது, இறங்குவது, மறுபடி நிரம்புவது. ஏடிஸின் முட்டைக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் நம் குடிநீர் அட்டவணை வாரா வாரம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அக்கா பக்கத்து வீட்டுப் பாட்டியின் டிரம்மில் புழு இருப்பதைக் காட்டித் தண்ணீரை ஊற்றச் சொன்னபோது பாட்டி கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. "நாலு நாளாக் காத்துக் கெடந்து புடிச்ச தண்ணி தாயி. இத ஊத்திப்புட்டு நான் எதுல சோறு பொங்க?" கொசுப்புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டுங்கள் என்று சுவரொட்டியில் எழுதுவது எளிது. தலைச்சுமையாகத் தூக்கி வந்த குடத்தை யாரால் கொட்ட முடியும்? தேங்கிய தண்ணீர் என்று நாம் சொல்வது அந்தப் பாட்டிக்குச் சேர்த்து வைத்த தண்ணீர். ஏழை வீடுகளில் சுகாதார உணர்வு இல்லை என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸும் தரைக்கடியில் மூடியுள்ள தொட்டியும் மோட்டாரும் வைத்திருப்பவர்களுக்கு டிரம் தேவையில்லை. டிரம் இருப்பது வேறு வழி இல்லாத வீட்டில்.

அன்று அக்கா கொட்டவில்லை. பாட்டியிடம் ஒரு பழைய வேட்டியை வாங்கி நான்காக மடித்து, காலியாக இருந்த அண்டாவின் வாயில் கட்டி, டிரம் தண்ணீரை அதன் வழியாக வடித்தார். துணியில் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் நெளிந்துகொண்டு தங்கின. அந்தத் துணியை வெயிலில் காயும் மண்தரையில் உதறினார். அப்புறம் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாருமாக உள்சுவரை, குறிப்பாகத் தண்ணீர்க் கோடு இருந்த இடத்தை, அழுத்தித் தேய்த்தார். கழுவிய தண்ணீரைத் தரையில் விட்டார். வடித்த தண்ணீரை மறுபடி டிரம்முக்கே மாற்றி, வேட்டியை அலசி டிரம்மின் வாயில் விரித்து, சைக்கிள் டியூபை அறுத்து இறுகக் கட்டினார். பாட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீருக்கு மேல் நட்டமில்லை. எனக்குத் தெரிந்து டெங்குத் தடுப்பில் இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறையிலும் நடந்ததில்லை.

நீல டிரம்களின் மேல்பக்கத்தை அறுத்துத்தான் நமக்கு விற்கிறார்கள், அதனால் மூடியே கிடையாது. ஒரு பலகையையோ தகரத்தையோ மேலே போட்டு வைப்பது மூடுவதாகாது. விரற்கடை இடைவெளி இருந்தால் கொசு நுழைந்துவிடும். துணி கட்டினால் தொய்யாமல் இறுகக் கட்ட வேண்டும். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தால் அதன் மேலேயே முட்டை வைக்கும்.

தண்ணீரில் விட்டுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெமிபாஸ் என்பது அதன் வேதிப்பெயர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல் விட்டால் குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட மருந்து. ஆனால் வாடை அடிக்கிறது என்று நம் வீடுகளில் அக்கா அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் கொட்டிவிடுகிறார்கள். பயத்தைத் திட்டிப் பயனில்லை. குடிக்கிற தண்ணீரை மூடியுள்ள குடத்தில் தனியாக வைத்துக்கொண்டு, புழங்குகிற தண்ணீரில் மட்டும் மருந்து விடச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

மழைக்காலத்தில்தான் டெங்கு வரும் என்பது பாதி உண்மை. 2016-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் வைகை அணை எப்படிக் கிடந்தது என்பதை மதுரைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் கண்ணில் பட்ட பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைத்தோம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் மழை வந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு, 65 சாவுகள். அதற்கு முன்னால் 2012-இல் 12 ஆயிரத்துக்கும் மேல், 66 சாவுகள். வறட்சியில் சுவரில் ஒட்டிக் கிடந்த முட்டைகளும் மழையில் நனைந்த முட்டைகளும் சேர்ந்துதான் 2017-ஐ அப்படி ஆக்கின என்று நான் நினைக்கிறேன்.

அந்த 2017-இல்தான் என் தங்கை மகனுக்கு வந்தது. ஒன்பது வயசு. மூன்று நாள் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான், நிற்காமல் வாந்தி, கை கால் சில்லிட்டுப் போனது. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, ரத்த அழுத்தம் விழுவது அப்போதுதான். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், அசதியாகச் சுருண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இப்யூபுரூபன் எதையும் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவை அவை கூட்டும். தங்கை மகன் பிழைத்து வந்தான். அதே வாரம் அவர்கள் வீட்டில் தங்கைக்கும், மாடியில் குடியிருந்த ஒருவருக்கும் காய்ச்சல். ஏடிஸ் ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிப்பதில்லை. கையை அசைத்தால் பறந்துபோய் அடுத்தவரைக் கடிக்கும். ஒரே கொசு ஒரு குடும்பத்தையே படுக்க வைக்கும்.

டெங்குக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகை மறுபடி வராது, ஆனால் மற்ற மூன்றும் வரலாம், இரண்டாம் முறை கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஒரு முறை வந்தாச்சு, இனிமேல் பயமில்லை என்று இருக்க முடியாது.

டிரம் மட்டும் இல்லை, சின்னச் சின்ன இடங்களும் உண்டு. கொல்லைப்புறத்தில் யாரும் அரைக்காத ஆட்டுக்கல் கிடக்கும். அதன் குழியில் தங்கும் அரைப்படி மழைத்தண்ணீர் போதும். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, அதை வாங்கிய நாளிலிருந்து கழற்றிப் பார்க்காதவர்கள் அநேகம். மணி பிளான்ட் வைத்த பாட்டில், சட்டியின் அடித்தட்டு, ஏர்கூலர், இளநீர்க் கடையின் பின்னால் குவிந்த கூடுகள், பஞ்சர் ஒட்டும் கடையின் பழைய டயர்கள். டயரின் உள்வளைவில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டவே முடியாது, எப்படித் திருப்பினாலும் கொஞ்சம் தங்கும். ஓட்டை போட வேண்டும், அல்லது கூரைக்குக் கீழ் வைக்க வேண்டும்.

கட்டட வேலை நடக்கும் இடங்கள் தனி. தளம் போட்டதும் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். லிப்ட் குழியில் மாதக்கணக்கில் தண்ணீர் கிடக்கும். சிமெண்ட் குழைக்கத் தோண்டிய தொட்டியும் திறந்தே கிடக்கும். அங்கேயே தங்கி வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளர்களைத்தான் கொசு முதலில் கடிக்கிறது. 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பதைத் தடுக்கும் பிரிவுகள் இருக்கின்றன. பாட்டியின் டிரம்முக்கு அபராதம் என்று மிரட்டுவதைவிட, இந்த லிப்ட் குழிகளுக்கு முன்னால் அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் பலன் அதிகம்.

புகை மருந்து அடிக்கும் வண்டி வந்தால் தெருவே திருப்திப்படுகிறது. ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதே. ஆனால் புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவுக்கும் சுவரில் இருக்கும் முட்டைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் இருக்கும்போது, தெருவில் புகை போகையில் கதவு சன்னலைச் சாத்திக்கொள்கிறோம். புகை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தெருவில் டெங்கு வந்துவிட்டால், கிருமி ஏறிய கொசுக்களை உடனே குறைக்க அது உதவும். டெங்கு உள்ளவரைக் கடித்த கொசுவால் உடனே நோயைப் பரப்ப முடியாது, கிருமி அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வந்துசேர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். அந்த இடைவெளியில் அதைக் கொன்றால் சங்கிலி அறும். ஆனால் வீட்டுக்குள் அடிக்க வேண்டும், டிரம்மையும் தேய்க்க வேண்டும். புகை மட்டும் அடித்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் புதுக் கொசு.

நகரத்தை விட்டு வெளியே போனால் கதை மாறுகிறது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாற்றுப் பாசன வயல்களில் வளர்வது வேறொரு கியூலெக்ஸ், டிரைடீனியோரிங்கஸ். மூளைக்காய்ச்சலைப் பரப்புவது அது. பன்றியும் கொக்கு இனமும் அந்தக் கிருமியை வைத்திருக்கும், கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே மதுரையில், சின்ன சொக்கிகுளத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் மையம் 1985-இல் தொடங்கப்பட்டது. நம் ஊரில் இப்படி ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ரேச்சல் ரூபன் அதன் இயக்குநராக இருந்தபோது, 1990-களின் முற்பகுதியில், வேப்பம் புண்ணாக்கைப் பூசிய யூரியாவை வயலில் இட்டுப் பார்த்தார்கள். புழுக்கள் வெகுவாகக் குறைந்தன. கூடவே தண்ணீரை இடைவிட்டுப் பாய்ச்சுவதையும் சேர்த்துச் சோதித்தார்கள். நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக என்று சொல்வார்களே, அதுதான். வயல் காயும்போது புழு சாகிறது. உரத்துக்கு உரம், கொசுவுக்கு மருந்து. விவசாயிக்கும் லாபம் இருந்தால்தான் எந்த முறையும் நிலைக்கும் என்று அவர்கள் யோசித்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நகரத்திலும் அப்படி யோசிக்க வேண்டும். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைக் கண்மாயில் விடுவது பெரிய தீர்வாகச் சொல்லப்படுகிறது. 1928-இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. நம் ஊர் மீன்களின் முட்டையையும் தவளைக் குஞ்சுகளையும் சேர்த்தே தின்னும். பயன்படாத கிணற்றில் விடலாம், கண்மாயில் விடக் கூடாது என்பது என் கருத்து. நல்ல தண்ணீர் நிற்கும் கண்மாயில் தட்டான் பூச்சியின் இளம்பருவமும் சின்ன மீன்களுமே புழுக்களைத் தின்று தீர்த்துவிடும். செல்லூர்க் கண்மாயோ வண்டியூர்க் கண்மாயோ கழிவுநீர் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

புதுச்சேரியில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் ஓல்பாக்கியா என்ற நுண்ணுயிரை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை 2022-இல் உருவாக்கியது. அந்த நுண்ணுயிர் இருந்தால் டெங்குக் கிருமி கொசுவுக்குள் எளிதில் பெருக முடியாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இந்த முறையால் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது மதுரைக்கு வரும்போது வரட்டும், வரவேற்பேன். அதுவரை நமக்குத் தேங்காய் நார்தான்.

தேனி மாவட்டத்து லோயர் கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்தை நான் குடிநீர்த் திட்டமாக மட்டும் பார்க்கவில்லை, டெங்குத் தடுப்புத் திட்டமாகவும் பார்க்கிறேன். எல்லா வார்டுக்கும், கடைசி வீட்டுக்கும், தினமும் நம்பிக்கையாகத் தண்ணீர் வந்தால் பாட்டி டிரம்மை வெளியே தூக்கிப் போடுவாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாய் பதிப்பவர்கள் தண்ணீரின் அளவைப் பேசுவதைப் போலவே அது வரும் நேரத்தையும் பேச வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் நகரம் முன்னேறி, நான்கு நாளைக்கு ஒரு முறை திறந்துவிட்டால் டிரம்கள் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, புழு பார்க்க வரும் பெண்களின் வேலை. தினக்கூலி. அடையாள அட்டையும் டார்ச்சும் தவிர அவர்களுக்கு உறுதியாக ஒன்றும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் பரவும்போது ஆட்களைக் கூட்டுவார்கள், அடங்கியதும் குறைப்பார்கள். முட்டை காய்ந்த சுவரில் காத்திருப்பது கோடையில். ஆக, தேய்க்க வேண்டிய காலமும் கோடைதான். தேசிய டெங்கு தினத்தை மே 16-இல் வைத்திருப்பதற்கும் மழைக்கு முன்பே தயாராக வேண்டும் என்பதுதான் காரணம். அந்தப் பெண்கள் ஆண்டு முழுக்க வேலையில் இருக்க வேண்டும், அவர்கள் கண்ணால் கற்ற அறிவுக்கு ஏற்ற சம்பளம் வேண்டும். எந்த வீட்டில் எந்த மூலையில் எது தேங்கும் என்ற கணக்கு அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அவர்களை மாற்றினால் அந்தக் கணக்கும் போய்விடும்.

எங்கள் தெருவில் இப்போது ஓர் ஏற்பாடு பேசி வைத்திருக்கிறோம். தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய சாயங்காலம், எல்லா டிரம்மும் அநேகமாகக் காலியாக இருக்கும் நேரத்தில், மிச்சத் தண்ணீரை வடித்து எடுத்துவிட்டு ஒரே நேரத்தில் தேய்ப்பது. தூக்க முடியாத வயசானவர்களின் டிரம்மைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கவிழ்த்துக் கொடுப்பது. வாரத்தில் ஒரு முறையாவது இது நடந்தால் புழு கொசுவாகும் முன்பே சுவர் சுத்தமாகிவிடும். அக்கா வந்து டார்ச் அடித்துப் பார்த்து, எந்த வீட்டில் இன்னும் கறுப்புப் பொடி தெரிகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.